தொட்டி எங்கே வடிகிறது என்று கேளுங்கள்

லண்டனை விட்டுக் கிராமத்துப் பக்கம் வீடு வாங்கலாமா என்று கேட்டு யாராவது ஃபோன் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். வாங்கலாம். தாராளமாக வாங்கலாம். நாங்கள் வாங்கினோம், விற்றுவிட்டு ஓடவும் இல்லை. ஹாரோவில் இருக்கும் என் கொழுந்தனார் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கேள்வி. "அண்ணி பிடிவாதத்துல போய் மாட்டிக்கிட்டாங்க" என்று அவர் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சஃபோக்கின் வட ஓரத்தில் இருக்கிறது. டிஸ் என்ற சின்ன டவுன் நார்ஃபோக்கைச் சேர்ந்தது. அதை ஒட்டி ஓடும் வேவனி ஆற்றைத் தாண்டினால் சஃபோக். அங்கிருந்து காரில் கால் மணி நேரம். டிஸ்ஸில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட். என் வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸுக்குப் போகிறார், மீதி நாளெல்லாம் மாடியறையில் கணினி முன்னால். நான் மருந்தாளுநர், எனக்கு எங்கே போனாலும் வேலை உண்டு. உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போயிருப்பார்கள், இருவருக்கும் கார் ஓட்டத் தெரிந்திருக்கும், கிழக்கு லண்டனில் ஒட்டுவீடு ஒன்று நல்ல விலைக்குப் போகத் தயாராக இருக்கும். அப்படி இல்லாதவர்கள் இதைப் படித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்கும் முறையைப் பற்றி நீட்ட மாட்டேன். நாங்கள் முன்பு இருந்த இல்ஃபோர்டில் நடந்ததேதான் இங்கேயும். விலைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று உடனே ஸ்வீட் வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகும் நாள்வரை யாரும் பின்வாங்கலாம். ஐயாயிரம் கூடத் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால் விற்பவர் அவர் பக்கம் சாயலாம், சட்டம் ஒன்றும் கேட்காது. எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக 10 சதவீதம் கட்டுவீர்கள், அதற்கப்புறம்தான் இரண்டு பக்கத்துக்கும் கட்டு. ஸ்டாம்ப் ட்யூட்டிக்குத் தனியாக எடுத்துவையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, இருந்த வீட்டை விற்றுவிட்டு வேறு வீடு வாங்குபவருக்கு 1,25,000 பவுண்டு வரை வரி இல்லை, அதிலிருந்து 2,50,000 வரை 2 சதவீதம், அதற்குமேல் 9,25,000 வரை 5 சதவீதம். 4,00,000 பவுண்டு வீடென்றால் 10,000 பவுண்டு. சர்வே, சர்ச், மார்ட்கேஜ் எல்லாம் அதது பாட்டுக்கு நடக்கும். நடக்காத நாட்களில் வக்கீல் ஆபீஸுக்கு ஃபோன் செய்து கத்த வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் என்றதும் ஒன்று. எசெக்ஸில் ஒரு பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். எங்கள் ஃபைலை அவர்கள் கையாண்ட லட்சணத்துக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் சில பழைய நிலங்களோடு, ஊர்த் தேவாலயத்தில் பலிபீடம் இருக்கும் பகுதியைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் கடமையும் ஒட்டிக்கொண்டே வரும். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதியிடம் அப்படிப் பணம் கேட்டார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2003 இல் தம்பதி தோற்று, கடைசியில் பண்ணையையே விற்கும்படி ஆயிற்று. 2013 அக்டோபருக்குப் பிறகு, பதிவில் ஏறாத இந்தக் கடமை விலை கொடுத்து வாங்கும் புதியவரைப் பிடிக்காது. ஆனாலும் எங்கள் வக்கீல் முன்னெச்சரிக்கையாகச் சில பவுண்டு வாங்கிக்கொண்டு அதற்கும் ஓர் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தார். பல நூறு வருஷத்துக்கு முந்தைய தேவாலயக் கூரை ஒழுகுமே என்று கவலைப்பட்ட மனிதருக்கு, எங்கள் கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு வருகிறேன். முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், வீட்டு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தில் கட்டடத்துக்கு ஆகும் கல் கிடையாது, சிக்கிமுக்கிக் கல்தான். அதனால் 19ஆம் நூற்றாண்டில் களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்து, அச்சில் அடித்து, சுடாமல் காயவைத்த பெரிய பெரிய கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கிளே லம்ப் என்று பெயர். எங்கள் வீடு அந்த வகை. பின்சுவரில் ஈரம் என்று சர்வே சொன்னது. பார்க்க வந்த பில்டர், சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றிவிட்டு வெளியே சிமென்ட் பூசினால் ஜென்மத்துக்கும் பிரச்சினை வராது என்றார். ஏற்கெனவே யாரோ பூசிய சிமென்ட்தான் பிரச்சினையே என்று நான் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. மண்சுவர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மண்சுவர் மூச்சுவிட வேண்டும். சிமென்ட்டால் மூடினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரே உள்ளுக்குள் சேறாகிவிடும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசவைத்தேன். மேலே சுண்ணாம்பிலேயே இந்த ஊரின் பிரசித்தமான வெளிர் ரோஜா நிறம். அடுத்த குளிர்காலத்துக்குள் சுவர் உலர்ந்துவிட்டது. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, யார் பூசியது என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனார்கள். என் கொழுந்தனாரிடம் யாரும் எதற்கும் நம்பர் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாணல் வேய்ந்த கூரை வேண்டாம் என்றதும் நான்தான். படத்தில் பார்க்க அழகு. ஆனால் முகட்டைப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், இன்சூரன்ஸும் கூட. எங்கள் அப்பா கடன் வாங்கிக் கூரையைப் பிரித்து ஓடு போட்டார். அவர் மகள் கடன் வாங்கி ஓட்டிலிருந்து கூரைக்குப் போவதா?

இனி தொட்டி.

நாங்கள் வீடு பார்க்கப் போனது 2021 டிசம்பரில். தோட்டத்தின் கடைசியில் வேலி, வேலியை ஒட்டி ஒரு வாய்க்கால், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாமணி ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும். விற்றவர் மனைவியை இழந்த பெரியவர். டீ போட்டுக் கொடுத்தார், ரோஜாச் செடிகளுக்கெல்லாம் பெயர் சொன்னார். ஊரில் பொதுச் சாக்கடை இல்லை, அவரவர் வீட்டுக்கு அவரவர் செப்டிக் டேங்க் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். நம் ஊரில் எந்த வீட்டில் செப்டிக் டேங்க் இல்லை, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். பெரியவரைக் கேட்டதற்கு, "முப்பது வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். அது சத்தியமான வார்த்தை. அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. தொட்டியிலிருந்து ஒரு குழாய் நேராக வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குளிர்காலத்துத் தண்ணீர் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

விற்பவர் நிரப்பித் தர வேண்டிய டிஏ6 என்று ஒரு படிவம் உண்டு. அதில் எல்லாக் கேள்வியும் இருந்தது. கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா? ஆம். கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்? நினைவில்லை. எங்கே வடிகிறது? தெரியாது. இந்த "தெரியாது" என்ற ஒரு சொல்லைப் பார்த்த உடனே வக்கீல் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். காரணம், செப்டிக் டேங்க் தண்ணீரை நேராக வாய்க்காலிலோ ஆற்றிலோ விடக் கூடாது. அப்படி விடுபவர்கள் 2020 ஜனவரி 1க்குள் மாற்றியிருக்க வேண்டும், அதற்கு முன் வீட்டை விற்றால் விற்கும்போதே மாற்றியாக வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. தொட்டி எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது, பராமரிப்பு விவரம் என்ன என்று விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பெரியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மணிக்கணக்குக்குக் காசு வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பிற்பாடு கேட்டபோது, "நாங்கள் சொல்லியிருக்கிறோமே" என்று ஒரு பழைய மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மைதான், இணைப்பாக வந்த கட்டுக் காகிதத்தின் நடுவே, வாங்குபவர் கழிவுநீர் ஏற்பாட்டைத் தனியாக ஆய்வு செய்துகொள்ள அறிவுறுத்தப்படுகிறார் என்று ஒரு வரி இருந்தது. இது சொன்னதாகுமா?

சர்வேக்காரரும் தன் பங்குக்குத் தொட்டி மூடியைத் திறக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். லெவல் டூ சர்வேயில் குழாய்களைச் சோதிக்க மாட்டார்கள். அதற்குத் தனி ஆள் வந்து, குழாய்க்குள் காமிரா விட்டு, சாயத் தண்ணீர் ஊற்றி எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பார். சில நூறு பவுண்டு ஆகும். எங்களுக்கும் ஒருவர் விலை சொல்லியிருந்தார். அந்தச் செலவு வேண்டாம் என்று சொன்னது யார் என்பது குறித்து எங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

2022 மே மாதம் குடியேறினோம். அந்த ஜூலை உங்களுக்கு நினைவிருக்கும். லிங்கன்‌ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்து, இங்கிலாந்து வரலாற்றிலேயே அதிக வெப்பம் என்றார்கள். மழை இல்லை. வாய்க்கால் வற்றிப்போய் அடி தெரிந்தது. அடியில் எங்கள் குழாயின் வாய் தெரிந்தது. குழாயிலிருந்து வந்ததும் தெரிந்தது. நாற்றத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்த வழியாக ஒரு நடைபாதை போகிறது, ஊர் மொத்தமும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது அதில்தான். அதில் நடக்கும் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். யார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இப்போதும் தினமும் 'குட் மார்னிங்' சொல்லிக்கொள்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் கடிதம் வந்தது.

பக்கத்து ஊரில் போஸ்ட் ஆபீஸோடு சேர்ந்த கடை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே போய்ப் புலம்பினேன். "அக்கா, இஞ்ச எல்லா வீட்டிலயும் உதுதான் பிரச்சினை. வாங்க முன்னம் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே" என்றார். அப்போது அவரை எனக்குத் தெரியவே தெரியாது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள்: வீடு பார்க்கப் போகும் ஊரில் ஏஜென்ட்டோடு மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். கடையில் பால் வாங்குங்கள், பப்பில் ஒரு லெமனேட் குடியுங்கள். எந்த வீட்டை விசாரிக்கிறீர்கள் என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

வழக்குப் போடலாமா என்று வேறொரு வக்கீலைக் கேட்டோம். விற்றவர் பொய் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். "தெரியாது" என்பது பொய்யா என்று வாதாடவே தொட்டியின் விலை ஆகிவிடும் என்றார். பெரியவர் அதற்குள் மகள் வீட்டோடு டெவனுக்குப் போய்விட்டிருந்தார். விட்டுவிட்டோம். இளிச்சவாய்த்தனம் என்று கொழுந்தனார் சொன்னார். எண்பது வயதுக்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்திருந்தால் அதையும் அவர்தான் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

சரி, என்ன செய்வது? முதல் வழி, தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைத் துளைக்குழாய் வழியாக மண்ணுக்குள் ஊறவிடுவது. ஊறுமா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஓரடி அகலத்துக்குச் சதுரக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, முக்கால் அளவிலிருந்து கால் அளவுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று கணக்கெடுப்பார்கள். எங்கள் குழியில் மறுநாள் நிரப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. பனி யுகத்தில் பனிப்பாறைகள் இழுத்துவந்து போட்ட களிமண் இது, இந்த மேட்டுச் சஃபோக் முழுக்க இதுதான். நெல் நடலாமே தவிர நீரை ஊறவிட முடியாது. சுவரில் மண்ணைப் பார்த்துச் சரியாகச் சொன்னவள், காலுக்குக் கீழே இருக்கும் அதே மண்ணைப் பார்க்கவில்லையே என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார். ஒருநாள்தான் சொன்னார்.

இரண்டாவது வழி, செப்டிக் டேங்க்கை எடுத்துவிட்டுச் சுத்திகரிப்புத் தொட்டி புதைப்பது. காற்றை ஊதி ஊதி உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களை வேலை செய்யவைக்கும். தெளிந்த தண்ணீர் வெளியே வரும், அதை வாய்க்காலில் விடலாம். ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாத வாய்க்கால் விதிக்கு ஒத்துவராது, தனி அனுமதிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும், கிடைக்கும் என்று நிச்சயமில்லை என்றார் ஒப்பந்தக்காரர். டிசம்பரில் நான் பார்த்து மயங்கிய வாய்க்கால் ஜூலையில் வாய்க்காலே இல்லை. இதற்காகவே சொல்கிறேன், ஒரு வீட்டைக் குளிர்காலத்தில் பார்த்தால் கோடையிலும் ஒருமுறை பாருங்கள். அதுவரை காத்திருந்தால் வீடு போய்விடும் என்று ஏஜென்ட் சொல்வார். போகட்டும்.

இதற்கிடையில் அந்த வாய்க்கால் யாருடையது என்று ஒரு கூத்து. பக்கத்து வயல்காரருடையது என்று பெரியவர் சொல்லியிருந்தார். வயல்காரர் சிரித்தார். அந்தக் காலத்தில் எல்லை வாய்க்கால் வெட்டியவன் தன் நிலத்தின் விளிம்பில் வெட்டி, மண்ணைத் தன் பக்கமே போட்டு, அதன்மேல் வேலி நட்டிருப்பான். எனவே பத்திரத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், வேலி யார் பக்கமோ வாய்க்கால் அவருடையது என்பது இங்கிலாந்தில் பழைய வழக்கு. வேலி எங்கள் பக்கம். ஆகவே நாற்றமும் எங்களுடையது, தூர்வாரும் வேலையும் எங்களுடையது.

அந்த வயல்காரர்தான் கடைசியில் கைகொடுத்தார். அவர் வயலின் மறுகோடியில் கோடையிலும் வற்றாத ஓர் ஓடை இருக்கிறது. அதுவரை குழாய் பதித்துக்கொள்ள எழுத்தில் உரிமை கொடுத்தார். சும்மா இல்லை, அவருடைய வக்கீல் செலவும் எங்கள் தலையில், அறுவடை முடிந்த பிறகுதான் தோண்ட வேண்டும், மேல்மண்ணைத் தனியாக எடுத்து அப்படியே திரும்பப் போட வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தான். பில்டிங் கன்ட்ரோல் அனுமதி, தொட்டி, தோண்டும் இயந்திரம், வக்கீல்கள் எல்லாம் சேர்த்து 18,000 பவுண்டுக்கு மேல் போயிற்று. 2023 செப்டம்பரில் வேலை முடிந்தது. அடுத்த மாதமே பாபெட் புயல் வந்து டெபன்ஹாமும் ஃபிராம்லிங்ஹாமும் வெள்ளத்தில் மிதந்தன. எங்கள் தொட்டி ஒரு சத்தமும் போடவில்லை. மின்சாரம் போனால் காற்று ஊதும் மோட்டாரும் நின்றுவிடும் என்பது மட்டும் கவனம். சில மணி நேரம் பரவாயில்லை, நாள் கணக்கில் போனால் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்.

ஆகவே நீங்கள் விலை பேசும்முன் இதைக் கேளுங்கள், வாயால் அல்ல, எழுத்தில்: தொட்டி எங்கே இருக்கிறது, யார் நிலத்தில் இருக்கிறது, எங்கே வடிகிறது, கடைசியாகக் காலி செய்த ரசீது எங்கே. பக்கத்து வீட்டோடு பங்கா என்றும் கேளுங்கள். "தெரியாது" என்று பதில் வந்தால் புதுத் தொட்டியின் விலையைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த வீடு. நாங்கள் இதைச் செய்திருந்தால் வீட்டை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள் என்று நான் இன்னமும் நம்புகிறேன், அதனால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. உங்களுக்கு இருக்கும்.

வாங்கிய பிறகு சமையலறையில் நீங்கள்தான் மாற வேண்டும். நம் வீட்டுச் சமையல் தொட்டிக்கு ஆகாது. பொரித்த எண்ணெய், கறிச்சட்டியில் ஒட்டிய கொழுப்பு எதையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. பழைய டப்பாவில் ஊற்றிவைத்துக் குப்பையில் போடுங்கள். மாவு அரைத்த பாத்திரத்தை முதலில் கரண்டியால் வழித்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். ப்ளீச் ஊற்றினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். இன்னொன்று, தொட்டியின் அளவு படுக்கையறைக் கணக்கில்; மூன்று படுக்கையறை வீடென்றால் ஐந்து பேருக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு ஹாரோவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தங்கி, ஆளுக்கு அரைமணி நேரம் குளித்துவிட்டு, "அண்ணி, உங்க வீட்டுல தண்ணி மெதுவாப் போகுதே" என்று கேட்பவர்களுக்காக அந்தத் தொட்டியை யாரும் வடிவமைக்கவில்லை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஊரில் காஸ் குழாய் கிடையாது, சூடேற்ற மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய அதே மண்ணெண்ணெயை இங்கே லாரியில் வந்து தோட்டத்துத் தொட்டியில் நிரப்புகிறார்கள், பொதுவாகக் குறைந்தது 500 லிட்டர். காஸுக்கும் மின்சாரத்துக்கும் அரசு விலை வரம்பு உண்டு, எண்ணெய்க்குக் கிடையாது. நாங்கள் முதல்முறை நிரப்பியது உக்ரைன் போர் தொடங்கிய வருஷம். லிட்டர் ஒரு பவுண்டை ஒட்டி இருந்தது. ஊரில் எண்ணெய்க் கூட்டு இருக்கிறதா என்று கேட்டுச் சேர்ந்துவிடுங்கள், மொத்தமாக வாங்கினால் லிட்டருக்குச் சில பென்ஸ் குறையும். ஜூலையில் வாங்குங்கள், ஜனவரியில் வாங்காதீர்கள். டாக்டர் ஆபீஸிலேயே மருந்தும் கொடுப்பார்கள். மருந்துக் கடை 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் கிராமத்து டாக்டர்களுக்கு அந்த அனுமதி உண்டு. எனக்கு வேலை கிடைத்ததே அப்படி ஓர் இடத்தில்தான். ஒரு கார் மட்டும் போகக்கூடிய பாதைகளிலும் போர்டு எதுவும் இல்லையென்றால் வேக வரம்பு 60 மைல் என்பது சட்டம். அதற்காக யாரும் அப்படிப் போக மாட்டார்கள், இருட்டியபின் குட்டை மான் ஒன்று குறுக்கே ஓடியே தீரும். இலையுதிர் காலத்தில் தொடங்கிச் சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரிகள் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஆலைக்குப் போய்க்கொண்டே இருக்கும், ரோடெல்லாம் சேறு. வயலுக்கு எருவடிக்கும் வாரத்தில் துணி உலர்த்தாதீர்கள். கிராமம் அமைதி என்று யார் சொன்னது?

மனிதர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். நிறம் பார்ப்பார்களா, ஒதுக்குவார்களா. எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல முடியும்: முதல் வருஷம் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஊர் மண்டபத்தில், பத்துப் பதினைந்து நாற்காலி. நார்விச்சிலிருந்து டில்பரிக்கு 400 கிலோவோல்ட் மின்தடம் இழுக்கப் போகிறார்கள், 50 மீட்டர் உயரக் கோபுரங்கள் இந்தப் பக்கமாக வரும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு ஆளாளுக்கு ஆட்சேபம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷில் மனு எழுத வரும். இருபது வருஷம் இந்த நாட்டு அலுவலகங்களுக்கு எழுதி எழுதி வந்த பழக்கம். நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். மேலிடத்துக்கு எழுதிப்போட்ட அந்த நாய்க்காரரும் என்னிடம்தான் மனு எழுதி வாங்கிக்கொண்டார். நன்றாகவே எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் தெருவிலேயே இப்போது ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. ரோஜா நிறச் சுவர், முன்னால் ஆப்பிள் மரம், விளம்பரத்தில் 'தனி வடிகால்' என்று இரண்டே சொல். கொழுந்தனார் போன வாரம் ஃபோன் செய்து, சும்மா கேட்கிற மாதிரி அதன் விலையை விசாரித்தார். அந்தத் தொட்டி எங்கே வடிகிறது என்று எனக்குத் தெரியும். உங்களில் யாராவது பார்க்க வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள், டீ குடித்துக்கொண்டே சொல்கிறேன். அவர் இன்னும் என்னைக் கேட்கவில்லை.